பழைய எம்340ஐ வாங்கி ட்யூன் போடுவது வரை: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் உள்ள பிஎம்டபிள்யூ ஆலையில் அசெம்பிள் ஆகி 2021 மார்ச்சில் விற்பனைக்கு வந்த எம்340ஐ எக்ஸ்டிரைவ், இப்போது செகண்ட் ஹேண்ட் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. 2998 சிசி ஆறு சிலிண்டர் பி58 இன்ஜின், 387 குதிரைத்திறன், 500 என்எம் டார்க், நான்கு சக்கர இழுவை. நூறைத் தொட 4.4 விநாடி. வாங்குபவர்களில் பாதிப் பேர் முதல் மாதத்திலேயே கேட்பது "ஸ்டேஜ் 1 போடலாமா?" என்றுதான். பாகம் எதையும் மாற்றாமல், இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மட்டும் மாற்றிச் சக்தியைக் கூட்டும் முதல்படி ட்யூன் அது.

போடலாம். ஆனால் அது இந்தப் பட்டியலில் எட்டாவதாக வருகிறது. என் வண்டியிலும், நண்பர்கள் சிலரின் வண்டிகளிலும் இந்த வேலைகளை வரிசையாகச் செய்தும், வரிசை மாறிச் செய்து மாட்டிக்கொண்டும் கற்றதைத்தான் எழுதுகிறேன். சென்னையை வைத்து எழுதுகிறேன். ஆடி, மெர்சிடிஸ் வைத்திருப்பவர்களுக்கு எண்கள் மாறும், வரிசை மாறாது.

1. வாங்கும் முன் நான்கு கேள்விகள்

ஒரு தாளில் பதில் எழுதிக்கொள்ளுங்கள். மனதுக்குள் வைத்தால் ஷோரூம் வெளிச்சத்தில் மறந்துவிடும்.

வீட்டிலிருந்து ஆபீஸ் வரை எந்த பங்கில், என்ன பெட்ரோல் கிடைக்கிறது? வீட்டு பேஸ்மென்ட் சரிவில் இப்போதுள்ள காரே அடி தட்டுகிறதா? வண்டியில் வாரண்டி எவ்வளவு மீதி? கம்பெனி சர்வீஸ் தவிர, பிஎம்டபிள்யூவின் ஐஸ்டா மென்பொருள் வைத்து வேலை செய்யும் தனியார் ஒர்க்‌ஷாப் ஒன்றாவது பக்கத்தில் உண்டா?

முதல் கேள்வி ட்யூனைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது, வண்டியைத் தாழ்த்தும் ஆசையைத் தீர்மானிக்கிறது. மூன்றாவது, எப்போது தொடங்கலாம் என்பதை. நான்காவது கேள்விக்கு "இல்லை" என்றால் மாடிஃபிகேஷன் பேச்சையே விட்டுவிட்டு ஸ்டாக் வண்டியாகவே, அதாவது கம்பெனியிலிருந்து வந்தபடியே, ஓட்டுவது நல்லது. அதிலும் குறை ஒன்றும் இல்லை.

2. வண்டியைப் பார்ப்பது: வெள்ளம், மோதல், பழைய ட்யூன்

சென்னையில் இந்த வயது வண்டி என்றால் முதல் சந்தேகம் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளம். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் எத்தனை கார்கள் மூழ்கின என்று நமக்குத் தெரியும். அவற்றில் சில துடைத்து மினுக்கப்பட்டு வேறு ஊர் டீலர் வழியாகத் திரும்பி வருகின்றன.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறைக் கோடு இருந்தால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம். அப்புறம் டிக்கித் தளத்தைத் தூக்கிப் பேட்டரியைச் சுற்றிப் பாருங்கள், ஏனென்றால் இந்த வண்டியில் பேட்டரி பின்னால்தான் இருக்கிறது. சீட்டுத் தண்டவாளங்களின் அடியில் துரு, கார்ப்பெட்டுக்குக் கீழே ஈர வாடை, விளக்குகளுக்குள் மூடுபனி. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தாலே போதும். நனைந்த மின்னணுப் பெட்டி இன்று வேலை செய்யும், ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாக உயிரை விடும். விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

அடுத்தது இன்ஷூரன்ஸ் கிளெய்ம் வரலாறு. சேசிஸ் எண்ணை வைத்து கம்பெனி சர்வீஸில் வரலாறு கேளுங்கள். விற்பவர் ஒப்புதல் இல்லாமல் தரமாட்டார்கள் என்பதால் அவரையும் கூட்டிப் போங்கள். வரத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

மூன்றாவது சந்தேகம், முந்தைய உரிமையாளர் ட்யூன் போட்டு ஓட்டிவிட்டு, விற்பதற்காக ஸ்டாக் மென்பொருளைத் திருப்பி ஏற்றியிருக்கிறாரா என்பது. மென்பொருளை அழிக்கலாம், ஸ்பேனர் தடயத்தை அழிப்பது கஷ்டம். இன்ஜின் கம்ப்யூட்டரைப் பூட்டியிருக்கும் போல்ட் தலைகள், டர்போவிலிருந்து புகையை வெளியே எடுத்துப் போகும் டவுன்பைப்பின் இணைப்புக் கிளாம்ப், ஏர் ஃபில்டர் பெட்டியின் ஸ்குரூ ஆகியவற்றில் கழற்றி மாட்டிய கீறல் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் வாங்கவே கூடாது என்பதில்லை. "என்ன போட்டிருந்தீர்கள், என்ன பெட்ரோல் ஊற்றினீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். ஒளிக்காமல் சொல்பவரின் வண்டி பெரும்பாலும் நல்ல வண்டியாகவே இருக்கிறது.

குளிர்ந்த இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். போய்ச் சேரும்போது பானெட் சூடாக இருந்தால் வேறு நாள் வாருங்கள். கூலன்ட் டேங்க்கின் அளவு, ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கைச் சுற்றிய கசிவு, வால்வ் கவர் ஓரத்தில் ஆயில் ஈரம் ஆகிய மூன்றும் பி58-ல் பார்க்க வேண்டிய இடங்கள். இன்ஜின் உள்ளுக்குள் உறுதியானது. சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்தான் நம்மூர் வெயிலுக்குச் சலிக்கிறது.

3. ஆர்சி, வரி, இன்ஷூரன்ஸ்

விலை சந்தையைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். பெரும்பாலும் பிஒய் என்று தொடங்கும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள் வரி 2023 நவம்பர் முதல் 20 சதவீதம். புதுச்சேரியில் அதைவிடக் குறைவு என்பதால் பலர் அங்கே பதிவு செய்கிறார்கள். வேறு மாநிலப் பதிவு வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். என்ஓசி, இங்கே கட்ட வேண்டிய வரி இரண்டையும் விலையோடு கூட்டிய பிறகு பேரம் பேசுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கணக்குப் போட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 182ஏ பிரிவின் கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. சத்தம், புகை வரம்பை மீறினால் 190-ஆம் பிரிவில் முதல் முறையே 10,000 ரூபாய் வரை போகும். எல்லோரும் செய்கிறார்களே என்பது சோதனைச் சாவடியில் செல்லாது.

இதை வைத்துத்தான் நான் வேலைகளை மூன்றாகப் பிரிக்கிறேன். டயர், பிரேக் பேட், ஆயில் எல்லாம் பராமரிப்புக் கணக்கு, தயங்காமல் செய்யலாம். மென்பொருளும் வீலும் இரண்டாம் வகை. செய்யும் முன் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் பதிலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். சொல்லாமல் விட்டால் விபத்துக்குப் பிறகு கிளெய்மை மறுக்க அதுவே காரணமாகும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது மூன்றாம் வகை. அதைச் செய்யவே வேண்டாம்.

4. முதல் மாதம்: ஆயில்கள் மட்டும்

வாங்கிய வண்டியின் சர்வீஸ் புத்தகம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் திரவங்களைப் புதிதாக மாற்றி, இன்றைய கிலோமீட்டரை எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் பிறகு வரும் எந்தக் கோளாறுக்கும் தொடக்கம் எது என்று தெரியாது.

இன்ஜின் ஆயில் 6.5 லிட்டர். கம்பெனி கேட்பது 0டபிள்யூ-20. வண்டியின் கம்ப்யூட்டர் அடுத்த ஆயில் மாற்றத்துக்கு நீண்ட தூரம் காட்டும், அதை நம்ப வேண்டாம். சென்னை டிராஃபிக்கில் கிலோமீட்டர் ஏறாமலே இன்ஜின் மணிக்கணக்கில் ஓடுகிறது. நான் 8,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுகிறேன். வடியும் பழைய ஆயிலில் ஒரு சிறு பாட்டில் பிடித்துவைத்துக்கொண்டால், அடுத்த முறை நிறத்தையும் பெட்ரோல் வாடையையும் ஒப்பிடலாம்.

கியர்பாக்ஸ் இசட்எஃப் தயாரிக்கும் எட்டு கியர் பெட்டி. அதன் ஆயில் ஆயுள் முழுக்க வரும் என்று சர்வீஸில் சொல்வார்கள். தயாரித்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் தனியாக வராது, பிளாஸ்டிக் அடித்தட்டோடு சேர்ந்தே வரும். எனவே முழுத் தட்டையும் மாற்ற வேண்டும். ஆயில் அளவை இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, கியர்பாக்ஸ் ஆயிலின் வெப்பம் குறிப்பிட்ட வரம்புக்குள் இருக்கும்போதுதான் பார்க்க முடியும். கம்ப்யூட்டரை இணைத்து வெப்பநிலை பார்க்காமல் ஊற்றும் மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். எல்லா வண்டிக்கும் ஒத்துப்போகும் ஆயில் என்று டின்னைக் காட்டினாலும் அப்படியே.

டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் பலர் மறப்பது. முன் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் அந்தப் பெட்டியில் ஒரு லிட்டர்கூட இருக்காது, ஆனால் உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகள் அதை நம்பியே இருக்கின்றன. மாற்றிய பிறகு ஐஸ்டாவில் அதன் தேய்மானக் கணக்கைப் பூஜ்யமாக்க வேண்டும்.

பேட்டரி பழசு என்றால் இப்போதே மாற்றி, புது பேட்டரியை வண்டியில் பதிவு செய்யுங்கள். பதிவு செய்யாவிட்டால் பழைய பேட்டரிக்குப் போட்ட அதே கணக்கில் வண்டி சார்ஜ் செய்துகொண்டே இருக்கும்.

5. டயரும் வீலும்

ட்யூனுக்கு முன் டயர் ஏன்? கூடுதல் 80 குதிரைத்திறனும் தரையைத் தொடுவது அந்த நான்கு கையகலத் தடங்களில்தான். பழைய, கெட்டிப்பட்ட ரன்ஃபிளாட் டயரில் (காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் வகை) ட்யூன் போட்டால் மழை நாளில் டிராக்‌ஷன் விளக்கு மினுங்குவதைத் தவிர வேறொன்றும் பார்க்க மாட்டீர்கள்.

18 அங்குல வீலில் முன்னால் 225/45 ஆர்18, பின்னால் 255/40 ஆர்18. அகலம் வேறு என்றாலும் உயரத்தைக் கணக்குப் போட்டால் முன் டயர் சுமார் 660 மில்லிமீட்டர், பின் டயர் சுமார் 661. வித்தியாசம் கால் சதவீதம்கூட இல்லை. அது தற்செயல் இல்லை. நான்கு சக்கர இழுவையில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றாவிட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் எப்போதும் வழுக்கிக்கொண்டே, சூடாகிக்கொண்டே இருக்கும்.

இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். ஒருவர், சரியான அளவு கையிருப்பில் இல்லை என்று கடைக்காரர் சொன்னதை நம்பிப் பின்னால் 245/45 ஆர்18 போட்டுக்கொண்டார். உயரம் 677 மில்லிமீட்டருக்கு மேல் போய்விட்டது, முன் டயரைவிட இரண்டரை சதவீதத்துக்கும் மேல் அதிகம். சில வாரங்களில் மெதுவாகத் திரும்பும்போது உதறல் வந்தது. டயரைச் சரியான அளவுக்கு மாற்றி, டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலையும் மாற்றிய பிறகே நின்றது. ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காரணத்தால் இரண்டு புது டயர், இரண்டு பழைய டயர் என்று பாதிப்பாதி மாற்றுவதும் ஆகாது. நான்கையும் சேர்த்தே, ஒரே கம்பெனி ஒரே மாடலாக மாற்றுங்கள்.

ரன்ஃபிளாட்டை விட்டுச் சாதாரண டயருக்கு மாறினால் சவாரி மென்மையாகும், பள்ளத்தில் ரிம் வாங்கும் அடியும் குறையும். ஆனால் டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பங்சர் கிட்டும் சின்ன கம்ப்ரசரும் வாங்கி வைத்த பிறகு மாறுங்கள். வண்டியைத் தூக்கிப் போக நேர்ந்தால் பிளாட்பெட் லாரி மட்டும்தான். இரண்டு சக்கரத்தைத் தூக்கி இரண்டை உருட்டிக்கொண்டு போகும் டோயிங் இந்த வண்டிக்குக் கூடாது.

வேறு வீல் வாங்குவதென்றால் போல்ட் அமைப்பு 5×112, நடு ஓட்டை 66.6 மில்லிமீட்டர். பழைய 3 சீரிஸ் வீல் 5×120. பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் ஓஎல்எக்ஸில் வாங்கி ஏமாறுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போல்ட்டை 140 என்எம்முக்கு டார்க் ரெஞ்சில் முறுக்கச் சொல்லுங்கள். ஒரு டயர் கடையில் ஏர் கன்னில் என் வண்டி போல்ட்டுகளை ஏற்றிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்துத் திண்டிவனம் தாண்டி பங்சர் ஆனபோது வண்டியோடு வந்த ஸ்பேனரின் மேல் ஏறி நின்றும் அசையவில்லை. அன்றிலிருந்து டார்க் ரெஞ்ச் என் டிக்கியிலேயே இருக்கிறது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் கவலையில்லை.

6. பிரேக்

பெரிய காலிபர், துளையிட்ட டிஸ்க் என்று பார்க்காதீர்கள். இந்த வண்டியின் ஸ்டாக் பிரேக் ட்யூன் போட்ட சாலை வண்டிக்குப் போதும். பலவீனம் திரவத்தில் இருக்கிறது.

பிரேக் ஃபுளூயிட் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் வரும், மிதித்தால் பெடல் பஞ்சு போல உள்ளே போகும். கடலோர ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது கட்டாயம், ட்ராக்குக்குப் போகும் எண்ணம் இருந்தால் வருடம் ஒரு முறை.

பேட் மாற்றினால் அதற்கான சென்சாரையும் சேர்த்து மாற்றுங்கள். புதுப் பேடைப் பதப்படுத்தாமல் ஓட்டக் கூடாது. வெறிச்சோடிய சாலையில் 60-லிருந்து 10 வரை மிதமாக ஏழெட்டு முறை நிறுத்தி, அப்புறம் பிரேக் தொடாமல் பத்து நிமிடம் ஆற விடுங்கள். பேடின் மெல்லிய படலம் டிஸ்க்கில் சீராக ஒட்டுவதற்காக இது. தவிர்த்தால் ஸ்டியரிங் நடுங்கும், டிஸ்க் வளைந்துவிட்டது என்று நினைத்துப் புது டிஸ்க் வாங்குவீர்கள்.

7. பெட்ரோல் கணக்கு

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். ட்யூன் போட்டு இன்ஜினைக் கெடுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள்.

நம்மூரில் பங்கில் எழுதியிருக்கும் 95, 100 போன்ற ஆக்டேன் எண்கள் ஆர்ஓஎன் அளவில் இருப்பவை. எண் கூடினால், பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் திறன் கூடுதல் என்று பொருள். அமெரிக்காவில் பங்கில் எழுதும் எண் வேறு அளவு. ஆர்ஓஎன்னையும் எம்ஓஎன் என்ற இன்னொரு சோதனை எண்ணையும் கூட்டி இரண்டால் வகுப்பது அது. அதனால் அதே பெட்ரோலுக்கு அமெரிக்க எண் நான்கைந்து குறைவாக வரும். அவர்களின் 91 நமக்கு ஏறத்தாழ 95 அல்லது 96. அவர்களின் 93 நமக்கு ஏறத்தாழ 98.

ட்யூன் போடும்போது இன்ஜின் கம்ப்யூட்டரில் ஏற்றும் அமைப்புகளை மேப் என்பார்கள். அவை பெரும்பாலும் அமெரிக்க எண்ணில் பெயரிடப்படுகின்றன. "நான் ஊற்றுவது 95, மேப் 93-தானே கேட்கிறது, இரண்டு எண் கூடுதலாகவே இருக்கிறது" என்று நினைத்து 93 மேப்பை ஏற்றுகிறார்கள். உண்மையில் மூன்று எண் பற்றாக்குறை. மே மாத மதியத்தில் அந்த மேப்போடு ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், ஸ்பார்க் மூட்டிய தீ பரவி எட்டும் முன்பே மீதிக் கலவை தானாக வெடிக்கும் நாக் வரும். கம்ப்யூட்டர் அதைக் கேட்டு ஸ்பார்க் நேரத்தைப் பின்தள்ளும். ஒன்றிரண்டு முறை காப்பாற்றும். எப்போதும் அதையே செய்யச் சொன்னால் ஒரு நாள் பிஸ்டன் பதில் சொல்லும்.

எனவே 95 ஊற்றுபவருக்கு 91 மேப்தான். இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 உங்கள் அன்றாட பங்கில் கிடைத்தால் மட்டும் 93 மேப்பை யோசிக்கலாம். பாரத் பெட்ரோலியத்தின் ஸ்பீடு 97 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, நான் அதையும் 91 மேப்போடுதான் ஓட்டுவேன். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு விரையும்போது வழியில் 100 கிடைக்கும் என்று எண்ணிப் புறப்படாதீர்கள். டேங்க் 59 லிட்டர். அதில் பாதி 100-ம் பாதி 95-ம் கலந்தால் ஏறத்தாழ 97.5-தான் கிடைக்கும், நம் 98 கேட்கும் அந்த 93 மேப்புக்கு அது போதாது. ஊர்ப் பயணத்துக்குக் குறைந்த மேப்பை ஏற்றிக்கொண்டே கிளம்புங்கள்.

ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் வாங்கும் முன் அதன் சின்ன எழுத்தைப் படியுங்கள். "5 பாயின்ட் கூடும்" என்றால் 95 நூறாகாது, 95.5 ஆகும். பத்து பாயின்ட் சேர்ந்தால்தான் ஓர் எண்.

அப்புறம் எத்தனால். சாதாரண பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. நாக்கைத் தடுக்க எத்தனால் உதவும், ஆனால் அதில் ஆற்றல் குறைவு. அதே வேலைக்கு இன்ஜெக்டர் கூடுதலாகப் பீய்ச்ச வேண்டும், உயர் அழுத்த பெட்ரோல் பம்ப் கூடுதலாக உழைக்க வேண்டும். ட்யூன் இல்லாத வண்டிக்கு இது மைலேஜ் பிரச்சினை. ட்யூன் போட்ட வண்டிக்குப் பம்பின் வரம்புப் பிரச்சினை. எத்தனால் அளவு பங்குக்குப் பங்கு மாறக்கூடும் என்பதால், ட்யூன் போட்டபின் ஒரே பங்கு, ஒரே வகை என்று பிடிவாதமாக இருங்கள்.

8. ட்யூன் ஏற்றுவது

முதல் தடை பூட்டு. 2020 நடுப்பகுதிக்குப் பின் தயாரான வண்டிகளில் பிஎம்டபிள்யூ இன்ஜின் கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டது. எம்340ஐ இங்கே 2021-இல் வந்ததால் எல்லாமே பூட்டிய வண்டிகள். பூட்டைத் திறக்க பொதுவாகக் கம்ப்யூட்டரைக் கழற்றி மேசையில் வைத்து வேலை செய்ய வேண்டும். அதற்குப் பின்தான் பூட்மோட்3, எம்எச்டி போன்ற மென்பொருள் வழியாக மேப் ஏற்ற முடியும். வண்டியைத் தொடாமல் ஐந்து நிமிடத்தில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம், எந்த முறையில் திறக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

பூட்டைத் திறந்த வண்டி கம்பெனி சர்வீஸில் நின்றால் மென்பொருள் அப்டேட் வேண்டாம் என்று ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். அப்டேட் போட்டால் ட்யூன் அழியும், பூட்டும் திரும்ப விழலாம். வாரண்டி மீதி இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் காத்திருப்பது நல்லது.

ஏற்றும் நாளில் தேவையானவை: நிலையான மின்சாரம் தரும் பேட்டரி சார்ஜர், வண்டிக்கு ஏற்ற கேபிள், தூங்காதபடி அமைத்த லேப்டாப், ஸ்டாக் மென்பொருளின் நகல். சார்ஜர் மிக முக்கியம். எழுதும்போது இக்னிஷன் ஆன், ஃபேன்கள் ஓடும், பேட்டரி இறங்கும். மின்னழுத்தம் நடுவில் விழுந்தால் பாதி எழுதிய கம்ப்யூட்டரோடு வண்டி நின்றுவிடும். மோட்டார் சைக்கிள் சார்ஜர் போதாது, 13 வோல்ட்டுக்குக் குறையாமல் பல பத்து ஆம்பியர் தரும் சார்ஜர் வேண்டும். இன்வர்ட்டர் இல்லாத வீட்டில், மின்வெட்டு அறிவித்த நாளில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள். சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது.

ஏற்றியதும் அழுத்தாதீர்கள். ஒரு வாரம் சாதாரணமாக ஓட்டுங்கள். கற்றுக்கொண்ட எரிபொருள் அளவுகளைக் கம்ப்யூட்டர் மீண்டும் பழக வேண்டும்.

9. லாக் எடுத்துப் பார்ப்பது

ஓடும்போது இன்ஜின் கம்ப்யூட்டர் காட்டும் எண்களைப் பதிவு செய்வதுதான் லாக். அதை எடுக்காத ட்யூன் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது மாதிரி. ஆனால் இதை ஓஎம்ஆரிலோ இசிஆரிலோ செய்யாதீர்கள். நான்காவது கியரில் முழுதாக அழுத்தினால் எந்தச் சாலையின் வேக வரம்பும் உங்களுக்குப் பின்னால் போய்விடும். நான்கு சக்கரமும் சுற்றும் டைனோவிலோ (வண்டியை நிறுத்தியபடியே உருளைமேல் ஓட்டிச் சக்தியை அளக்கும் இயந்திரம்) ட்ராக்கிலோ எடுங்கள். பின் சக்கரம் மட்டும் சுற்றும் டைனோவில் எக்ஸ்டிரைவ் வண்டியை ஏற்ற விடாதீர்கள், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு அது கொலை.

நான்காவது கியர், 2,500-லிருந்து 6,500 ஆர்பிஎம் வரை ஒரே அழுத்து. அப்புறம் மூன்று வரிகளைப் பாருங்கள்.

ஒவ்வொரு சிலிண்டரின் ஸ்பார்க் திருத்தம்: பூஜ்யமாக இருந்தால் நல்லது. எப்போதாவது ஒரு சிலிண்டர் மைனஸ் ஒன்று, இரண்டு டிகிரி காட்டினால் பரவாயில்லை. பல சிலிண்டர்கள் ஒன்றாக மைனஸ் மூன்றுக்குக் கீழே போனால் நிறுத்திவிட்டுக் கீழ் மேப்புக்கு இறங்குங்கள். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் எப்போதும் அடம்பிடித்தால் பெட்ரோலைத் திட்டாமல் அந்தச் சிலிண்டரின் பிளக்கையும் காயிலையும் பாருங்கள்.

பெட்ரோல் அழுத்தம்: இந்த இன்ஜினில் 350 பார் வரை போகும். கேட்ட அளவுக்கும் கிடைத்த அளவுக்கும் இடையே உயர் ஆர்பிஎம்மில் இடைவெளி விழுந்தால் பம்ப் திணறுகிறது.

உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம்: நம்மூர் இன்ஜின்களுக்கு இதுதான் எதிரி. பி58-ல் காற்றைக் குளிர்விப்பது தண்ணீர். இன்டர்கூலர் இன்டேக்கின் உள்ளேயே இருக்கிறது. முதல் ஓட்டம் பிரமாதமாக இருக்கும். தண்ணீர் சூடானதும் மூன்றாவது ஓட்டத்தில் சக்தி காணாமல் போகும், ஏனென்றால் சூடான தண்ணீர் சீக்கிரம் ஆறாது. காற்று 60 டிகிரியைத் தாண்டிவிட்டால் அன்றைக்குப் போதும். இதை வைத்துத்தான் அடுத்த செலவைத் தீர்மானிக்கிறேன்: சென்னைக்காரர் ஸ்டேஜ் 2-க்கு (பாகங்களையும் மாற்றிச் செய்யும் அடுத்த படி ட்யூன்) எடுத்துவைத்த பணத்தை, அந்தத் தண்ணீரை ஆற்றும், வண்டியின் முன்னால் இருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் போடட்டும். காகிதத்தில் குதிரைத்திறன் ஏறாது, ஆனால் இருக்கும் குதிரைகள் மதிய வெயிலிலும் காணாமல் போகாது.

10. செய்யாமல் விட்டவை

இன்டேக் பைப்: சத்தம் இனிமை, பலன் சொற்பம். ஸ்டாக் பெட்டியே போதும்.

தாழ்த்தும் ஸ்பிரிங்: மழைக்காலத்தில் ஒரு முறை உள்ளூர் வேகத்தடைகளை எண்ணிவிட்டு முடிவெடுங்கள். அடித்தட்டு உரசினால் முதலில் உடைவது கியர்பாக்ஸின் பிளாஸ்டிக் ஆயில் தட்டுக்கு அருகிலுள்ள கவசம்.

பாப், பேங் என்று வெடிக்கும் எக்ஸ்ஹாஸ்ட் மேப்: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் பெட்ரோலைத் தள்ளி எரிப்பதுதான் அது. இரவு பதினோரு மணிக்குத் தெருவில் செய்தால் பக்கத்து வீட்டுப் பாட்டியே போதும், போலீஸ் தேவையில்லை.

11. ட்ராக் நாள்

இருங்காட்டுக்கோட்டையில் உள்ள மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. ஓட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு அதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. சாதாரண கார் பாலிசி ட்ராக்கில் நடக்கும் சேதத்தை ஏற்காது என்பதை வைத்துக்கொண்டே உள்ளே போங்கள்.

முந்தின நாள் வீல் போல்ட் டார்க், பிரேக் ஃபுளூயிட், பேடின் கனம் பாருங்கள். முன்பக்க இழுப்புக் கொக்கியைத் திருகிப் பாருங்கள், முதல் முறை கையில் எடுக்கும்போது எங்கே மாட்டுவது என்றே தெரியாது. கேபினில் இருக்கும் எல்லாவற்றையும் வீட்டில் வையுங்கள்.

மூன்று சுற்று வேகமாக, ஒரு சுற்று ஆற. இந்த விகிதத்தை மீறாதீர்கள். 1,700 கிலோவுக்கு மேற்பட்ட வண்டி இது, நிறுத்தும் வெப்பம் முழுவதும் டிஸ்க்கில் சேரும். பிட்டுக்கு வந்ததும் பார்க்கிங் பிரேக் போடாதீர்கள். சூடான பேட் சூடான டிஸ்க்கில் ஒட்டிக் கறை விடும். பி-யில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை கொடுத்தால் போதும். இன்ஜினை உடனே அணைக்காமல் சில நிமிடம் ஓட விடுங்கள், டர்போவுக்கு ஆயில் ஓடட்டும்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் போல்ட்டுகளை இன்னொரு முறை டார்க் ரெஞ்சில் பாருங்கள், சக்கரம் ஆறிய பிறகு. நானும் நண்பர் ஒருவரும் சென்ற மாதம் பார்த்தபோது அவர் வண்டியின் இடது பின் சக்கரத்தில் ஒரு போல்ட் அரைச் சுற்று வந்தது. காலையில் 140-க்கு முறுக்கியதுதான்.